அம்மாயி கையால் கொடுத்த பச்சைச் சட்டை

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், செத்த பதினாறாம் நாள், தாய்மாமன் ஒரு நினைவு மலர் வெளியிட்டார். வழவழவென்ற தாளில் முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் அம்மாயி கும்பிட்டபடி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மாமனின் பனியன் கம்பெனிக் கட்டடம் நிற்கிறது. அம்மாயி அந்தக் கட்டடத்துக்கு வாழ்நாளில் நாலு தடவை போயிருந்தால் அதிகம். படத்தை வெட்டி ஒட்டியவன் அவசரக்காரன். அவள் காலுக்குக் கீழே நிழல் போட மறந்துவிட்டான். கம்பெனி வாசலில் அவள் மிதப்பது போலத் தெரியும்.

உள்ளே பக்கத்துக்குப் பக்கம் புகழ். பக்தியின் சிகரம், சேவையின் திலகம், ஊருக்கே தாய். எழுதியவர்களில் பாதிப் பேர் அம்மாயியைப் பார்த்ததே இல்லை. மாமனோடு சேர்ந்து கண்காட்சிக்கு வெளிநாடு போனவர்கள், கார் ரிப்பேர் ஷெட்டில் பழக்கமானவர்கள். அம்மாயியின் அமுதமொழிகளைக் கேட்டு வளர்ந்ததாக ஒருவர் உருகியிருந்தார். அம்மாயி வாயைத் திறந்தால் பெரும்பாலும் "அந்த வாளிய இக்கட்டால தள்ளு" என்பாள். அதைக் கேட்டு வளர்ந்தவர் எப்படி வளர்ந்திருப்பாரோ தெரியவில்லை.

என்னையும் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் மாமன். "நீ படிச்சவ கண்ணு, நல்லா உருக்கமா எழுது. படிக்கறவனுக்குக் கண்ணுல தண்ணி வரோணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பச்சைச் சட்டை விஷயத்தை எழுதியிருந்தேன். மலர் வந்தபோது என் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் "பாதயாத்திரை பக்தர்களுக்கு ஆடை தானம்" என்று தலைப்புப் போட்டு, அம்மாயி பச்சைச் சட்டை கொடுக்கிற படம் ஒன்றைப் பெரிதாக வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "எடம் பத்தலீங் கண்ணு" என்றார். மாமனும் மாமியும் மருமகனும் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் பத்தியிருந்தது.

அவர் வெட்டியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சொல்லப்போனால் நான் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு விஷயத்தை நானே வெட்டிவிட்டுத்தான் கொடுத்திருந்தேன். அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அம்மாயியின் ஊர் தாராபுரம் ரோட்டில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். திருப்பூரில் ஒரு காலையில் கிளம்புகிறவர்கள் மறுநாள் காலையில் அவள் ஊரைத் தொடுவார்கள். முதல் நாள் உற்சாகத்தில் விறுவிறுவென்று நடந்துவிட்டு, பாதமெல்லாம் கொப்புளித்து, காலைக் கோணலாக வைத்து நொண்டிக்கொண்டு வருகிற நேரம் அது. ரோடு நெடுக மற்ற பந்தல்களில் பொங்கல் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், காது கிழிய பாட்டுப் போடுவார்கள். அம்மாயி பந்தலில் சோறும் கிடையாது, பாட்டும் கிடையாது. பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் வாங்கிய பெரிய அண்டா ஒன்றில் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர் இருக்கும். முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவரை எதிரே பலகையில் உட்கார வைத்து, காலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கழுவித் துடைப்பாள். கொதிநீரில் போட்டெடுத்த ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுப்பாள். இரண்டு பக்கமும் கொஞ்சம் தொங்கும்படி நூலை உள்ளேயே விட்டு வெட்டிவிடுவாள். நீர் நூல் வழியாகக் கசிந்து போய்விடும், தோல் உரியாது. அதன்மேல் விளக்கெண்ணெய். "போய்ட்டு வாங்க சாமி." அடுத்த கால்.

யார், எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்க மாட்டாள். ஒரு தடவை மில்லுக்கு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒடிசாப் பையன் ஒருவன் கூட்டத்தை வேடிக்கை பார்க்க சைக்கிளை நிறுத்தினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவனை உட்கார வைத்துக் காலைக் கழுவிவிட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. கூச்சத்தில் நெளிந்துகொண்டே எண்ணெயும் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

இத்தனைக்கும் அவள் ஒரு தடவைகூடப் பழனிக்கு நடந்ததில்லை. பூசமெல்லாம் முடிந்து, கூட்டம் ஓய்ந்த ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டு வருவாள். ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், "நானும் நடந்துட்டா இங்க ஆரு இருக்கறது?" என்பாள்.

ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவள் கை பட்டால் புண் ஆறும் என்றார்கள், மகராசி என்றார்கள், வயலில் காய்த்த முதல் பூசணிக்காயைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அத்தனை கொண்டாடிய ஊரில் ஒரே ஒரு ஆள்கூட அவள் பக்கத்தில் இன்னொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததில்லை. தள்ளி நின்று கும்பிடுவது சுலபம். அடுத்தவன் காலை மடியில் வைப்பதென்றால் எல்லோருக்கும் இடுப்பு வலி வந்துவிடும். ஊரைச் சொல்வானேன், வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் தூக்கிக் கொடுத்த நானே அதைச் செய்ததில்லை. எனக்குக் குமட்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் மாமனின் கம்பெனியில் நான் கியூசி. அதாவது துணியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஓட்டை, கறை, தையல் பிசகு, சாயம் சரியாக நிற்காதது, எல்லாவற்றையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். இருபது வருஷமாக அதைச் செய்து செய்து, கம்பெனிக்கு வெளியிலும் எனக்கு அதுதான் கண்ணில் படும். சாமி கும்பிடுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்துவிட்டு நாற்பத்தொன்பதாம் நாள் பழைய ஆளாகத் திரும்பி வருகிற எத்தனையோ பேரைக் கம்பெனித் தையல் லைனில் பார்த்திருக்கிறேன். நடந்து போகிறேன் என்று போய், மைலுக்கு ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அம்மாயி ஒருத்திதான் எனக்கு விலக்கு. அவள் பக்தியை நம்பினேன், அவளிடம் காலைக் கழுவிக்கொண்ட அந்தக் கூட்டத்தை நம்பவில்லை.

இனிமேல் சட்டைக்கு வருகிறேன்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் பச்சை நிற டீஷர்ட் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனது. ரிஜெக்ட் செய்தது நான்தான். நனைத்த வெள்ளைத் துணியை வைத்துப் பத்துத் தடவை தேய்த்துப் பார்ப்பது வழக்கம். இரண்டாவது தேய்ப்பிலேயே வெள்ளைத் துணி வெற்றிலையாகிவிட்டது. சாயப்பட்டறையில் அவசரத்தில் சரியாகக் கழுவாமல் அனுப்பியிருந்தார்கள். உடம்பில் போட்டு வியர்த்தால் போதும், சாயம் முழுக்கத் தோலில் இறங்கிவிடும். அறிக்கை எழுதி மாமன் மேஜையில் வைத்தேன். கார்ட்டன் கார்ட்டனாகச் சரக்கு குடோனில் அடைந்து கிடந்தது.

தை மாதம் நெருங்கும்போது மாமன் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு ஒளி. புண்ணியம் செய்யப் போகிறவர்களின் முகத்தில் வருகிற ஒளி அது.

"அந்தப் பச்சை லாட் இருக்குதல்லொ கண்ணு? பாதயாத்திரை போறவங்களுக்குக் குடுத்தறலாம்னு இருக்கறேன். பச்சை முருகனுக்கு உகந்த கலரு."

"சாயம் போகுதுங்களே மாமா. ரிப்போர்ட் வச்சனே."

"தெரியுமுங் கண்ணு. வெளிய வித்தா நம்ம பேரு கெட்டுப்போயிருமல்லொ? அதுக்குத்தான் தானம் பண்ணீரலாங்கறது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கெட்ட சரக்கைக் கொடுத்தால் பாவம், கும்பிட்டு வாங்குகிறவனுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று அவர் மனதார நம்பினார். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கே உரிய கணக்கு இது. வெளிநாட்டில் வாங்குகிற பையருக்கு அனுப்பும் பெட்டியில் ஒரு நூல் பிசிறு தொங்கினால் தூக்கம் போய்விடும். கோயிலுக்கு என்றால் குடோனில் எதற்கும் உதவாமல் கிடப்பதைத்தான் கை தேடிப் போகும்.

"போறவங்க ஆருகிட்டப் போயிக் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறாங்க?" என்று சிரித்தார்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது அப்போது பெரிதாகப் படவில்லை. ஓசிச் சட்டைக்கு முண்டியடிக்கிற கூட்டம்தானே, கொஞ்சம் பச்சையாகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். இந்த ஒரு விஷயத்தில் மாமனும் நானும் ஒரே ஆள்தான், ஆனால் அவர் தட்டு நிறையத் திருநீறு வைத்துக்கொண்டு செய்தார்.

சட்டையின் முன்னால் கம்பெனி முத்திரை அச்சடித்தார்கள். முதுகில் அம்மாயியின் படம், வெள்ளை மையில், கும்பிட்ட கையோடு. அம்மாயிக்கு அது பிடிக்கவே இல்லை. "உசுரோட இருக்கறப்பவே எதுக்குடா என்ற படத்தப் போட்ட?" என்று மாமனைக் கேட்டாள். "பாசத்துல பண்றமுங்க அம்மா" என்றார் மாமன். பாசம் என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் மேலே பேசுவதில்லை.

திருப்பூரில் பாதயாத்திரைக் குழு கிளம்புகிற காலையில், கோயில் முன்னால் ஷாமியானா போட்டு விழா வைத்தார்கள். அம்மாயியைக் காரில் அழைத்து வந்து, சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். காலை ஏழு மணிக் குளிரில் அவளுக்கு அந்தப் பொன்னாடை மட்டும்தான் பிரயோஜனமாக இருந்தது; இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் கையால் ஒவ்வொருவருக்கும் சட்டை கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. மேலே ட்ரோன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாயி அதைப் பருந்து என்று நினைத்து இரண்டு தடவை கையை ஓங்கினாள்.

முதல் சட்டையை மாமன் அவள் கையில் வைத்தார். அவள் உடனே கொடுக்கவில்லை. துணியை விரலுக்கு நடுவில் வைத்து நெருடிப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னைத் தேடினாள். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போனேன்.

"கண்ணு, இது நல்ல துணிதானா? நீ பாத்ததுதானா?"

மாமன் பக்கத்திலேயே நின்றார். கேமராக்காரன் நின்றான். வரிசையில் முதலில் நின்ற ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தபடி காத்திருந்தான்.

"பாத்ததுதானுங்க அம்மாயி. நல்லாருக்குதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கொடுத்தாள். ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும், "நல்லபடியாப் போய்ட்டு வாங்க சாமி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். மலரில் பெரிதாகப் போட்ட படம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். ஓரத்தில் என் தோளும் பாதி முகமும் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மாயி ஊரில் பந்தல் அமர்க்களப்பட்டது. முக்காலி போட்ட இடத்தில் மேடை. மாமன் பெரிய அளவில் ஏற்பாடு செய்திருந்தார். கட்சிப் பிரமுகர் ஒருவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்திருந்தார். அவர் ஒரு பக்தரின் காலைத் தொட்டுக் கழுவுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஒரே ஒரு பக்தர், முன்னமே குளித்துத் தயாராக இருந்த ஒரு பக்தர். அம்மாயி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மேடைக்குப் பின்னால் அண்டாவை நகர்த்தச் சொல்லித் தன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று விடியற்காலையில் கனத்த பனி. கூடவே லேசான தூறல். எட்டு மணிக்குக் கூட்டம் ரோட்டு வளைவில் தெரிந்தது. முதலில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்ட வரவர, மேடையில் மைக் பிடித்திருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

எல்லோரும் பச்சையாக இருந்தார்கள். கழுத்து பச்சை, கை பச்சை, வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரிவரியாகப் பச்சை. முகத்தைத் துடைத்தவர்களுக்கு முகமும் பச்சை. தலையில் பால்குடம் வைத்திருந்த ஒரு பெரியவரின் நரைத்த தாடி முருங்கைக் கீரைக் கட்டு மாதிரி இருந்தது. திரும்பியவர்களின் முதுகில் அம்மாயி இருந்தாள். வெள்ளை மை சாயத்தைக் குடித்திருந்தது. அவள் முடி பச்சை, பல் பச்சை, கும்பிட்ட கையும் பச்சை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முன்னால் வந்த ஒருவர் பக்திப் பரவசத்தில் அந்தப் பிரமுகரைக் கட்டிப் பிடித்துவிட்டார். விலகியபோது வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலும் முதுகிலும் பத்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. பிரமுகர் குனிந்து பார்த்தார். மாமன் ஓடி வந்து கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது. நான் மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பிறகு ஒரு பெண் அம்மாயியிடம் வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. வேண்டுதலுக்காகத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள். "அம்மா, புள்ள ராத்திரியெல்லாம் என்ற சட்டைக் காலரச் சப்பீட்டே வந்துதுங்க. இப்ப வாந்தி எடுத்திருச்சு. வாயப் பாருங்க" என்றாள். குழந்தையின் உதடும் நாக்கும் பச்சையாக இருந்தன. தாயின் கழுத்தில் தாலிக்கயிறு உராய்கிற இடம் முழுவதும் சிவந்து தடித்திருந்தது. அவள் பின்னாலேயே இன்னும் பலர் வந்தார்கள். கழுத்தைச் சொறிந்துகொண்டு, அக்குளைச் சொறிந்துகொண்டு. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க குடுத்த சட்டைதானுங்களே ஆத்தா" என்றார் ஒருவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புரியாமல் கேட்டார்.

அம்மாயி குழந்தையை வாங்கித் தன் முந்தானையை நனைத்து அதன் நாக்கைத் துடைத்தாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாமனின் காரிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பினாள். பிரமுகர் போவதற்கு அந்தக் கார் வேண்டும் என்று மாமன் சொல்லப் பார்த்தார். அம்மாயி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மத்தியானம் தகவல் வந்தது. அதுவரை அம்மாயி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மற்றவர்களின் சட்டையையெல்லாம் கழற்றச் சொன்னாள். ஊருக்குள் ஆள் அனுப்பி வீட்டுக்கு வீடு வேட்டி, துண்டு, பழைய சட்டை, என்ன இருக்கிறதோ வாங்கி வரச் சொன்னாள். கால் கழுவுகிற தண்ணீரில் கழுத்தையும் முதுகையும் கழுவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அண்டாத் தண்ணீர், அவள் கை, மடி, சேலை எல்லாம் பச்சை. ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "நாந்தானுங்க குடுத்தேன். என்ற தப்பு. மன்னிச்சுக்கோங்க சாமி." மாமன் பெயரைச் சொல்லவில்லை. சாயப்பட்டறையைச் சொல்லவில்லை. நான் மூன்றடி தள்ளி வாளியோடு நின்றேன். "என்ற பேத்தி பாத்துச் சொன்னதாலதான் குடுத்தேன்" என்று ஒரு தடவையாவது சொல்வாளோ என்று ஒவ்வொரு ஆளுக்கும் பயந்துகொண்டே நின்றேன். சொல்லவில்லை.

மேடையில் மாமன் மைக்கைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். முருகனின் மயில் நிறம் பக்தர்கள் மேல் இறங்கியிருப்பதாகச் சொன்னார். நாலைந்து பேர் கை தட்டவும் செய்தார்கள். அவர்களும் எங்கள் கம்பெனிக்காரர்கள்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் ஓடியது. பச்சை மனிதர்கள், பச்சைப் பாட்டி. அம்மாயியின் முகத்தை வைத்து யார் யாரோ என்னென்னவோ செய்து அனுப்பினார்கள். அதுவரை அவளை மகராசி என்று சொன்ன வாய்கள்தான் அதையும் பார்த்துச் சிரித்தன. அம்மாயியிடம் போன் கிடையாது என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பால் ஊற்ற வருகிற பெண்ணே தன் போனில் காட்டிவிட்டாள். எங்களுக்கு அது பிறகுதான் தெரிய வந்தது.

அடுத்த தைக்கு மேடை இல்லை, பிரமுகர் இல்லை. மாமனுக்கு அந்த வருஷம் பக்தி வேறு பக்கம் திரும்பியிருந்தது. திருப்பதிக்கு ஏசி பஸ் விட்டார். அம்மாயி தன் முக்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கூட்டம் வந்தது. கும்பிட்டார்கள், சிரித்தார்கள், "நல்லாருக்கீங்களா ஆத்தா" என்று கேட்டார்கள். பலர் நிற்காமல் போனார்கள். உட்கார்ந்தவர்களிலும் சிலர் காலைக் கழுவ விட்டார்கள்; ஊசியை எடுத்ததும், "வேண்டாமுங்க, இப்படியே இருக்கட்டும்" என்று பாதத்தை இழுத்துக்கொண்டார்கள். அம்மாயி வற்புறுத்தவில்லை. இழுத்துக்கொண்ட காலை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அறுபது வருஷமாக அந்த மடியில் யோசிக்காமல் விழுந்த கால்கள் இப்போது யோசித்தன. அதைப் பார்ப்பது என்னால் முடியவில்லை. மாமனை மனதுக்குள் திட்டித் திட்டிப் பார்த்தேன். ஊரைத் திட்டினேன், வாட்ஸ்அப்பைத் திட்டினேன், புண் காலோடு போகிற அந்த ஜனங்களையும் திட்டினேன். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு நான் ஒருத்திதான் பாக்கி இருந்தேன்.

பத்து மணிவாக்கில் ரோடு கொஞ்சம் ஓய்ந்தது. அம்மாயி கையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நான் அவள் எதிரில் பலகையில் உட்கார்ந்தேன்.

"அம்மாயி, அந்தச் சட்டைச் சாயம் போகும்னு எனக்கு முன்னமே தெரியுமுங்க. நாந்தான் டெஸ்ட் பண்ணுனேன். மாமன்கிட்டயும் சொன்னேன். நீங்க கேட்டப்போ உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் மடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து மடித்தாள். அவள் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பேன்.

"உன்ற மாமன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றாள். "நான் பெத்தவன். அவன் சொன்னா நான் நம்ப மாட்டேன். அதுக்குத்தான் அத்தன பேத்துக்கு முன்னால உன்னக் கூப்புட்டுக் கேட்டேன்."

அவள் என் முழங்காலைத் தொட்டாள்.

"எந்திரிச்சு அக்கட்டால நில்லு கண்ணு. வர்றவங்க உக்காரோணுமல்லொ."

எழுந்து தள்ளி நின்றேன். அவள் பலகையைத் துடைத்து நேராகப் போட்டாள். அந்த நேரத்தில் ரோட்டில் யாரும் வரவில்லை.